இறக்கத்தில் சாயாத தண்ணீர்

திரையில் அண்ணன் இல்லை. ரோடு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

லாரியின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் பொருத்தியிருந்த கேமரா அது. வெளியே பார்த்தபடி இருக்கும், சத்தம் பதியாது. படத்தின் கீழ் மூலையில் டாஷ்போர்டு கொஞ்சம் தெரிந்தது. அங்கே துணியை முட்டுக்கொடுத்து நிற்கவைத்த ஒரு தண்ணீர் பாட்டில். பாதிதான் இருந்தது.

"பாருங்கம்மா, எங்கயும் வண்டி வேகம் குறைஞ்ச மாதிரியே தெரியல. கண் அசந்துட்டார்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

பள்ளத்தில் விழுந்து எரிந்த வண்டியில் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. கேமரா எடுத்தது மட்டும் அப்போதைக்கப்போது ஆபீசுக்கு வந்து சேர்ந்திருந்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. வீட்டு ஆட்களும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினால் இன்றோடு விஷயம் முடிந்தது.

தங்கைக்கு மனசு ஆறவில்லை. தூக்கம் கண்ணைக் கட்டினால் வண்டியை ஓரங்கட்டி, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டுதான் கிளம்புவான் அண்ணன். அவன் பேரிலா இந்தப் பழி?

ஆனால் அம்மாவுக்கு அந்தப் பழிதான் மருந்து. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மாவே முந்திக்கொள்வாள்: "தூக்கத்துலயே போயிட்டான். புள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் உள்ளே இறங்கும்.

இப்போது பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள் அம்மா.

மகள் பாட்டிலைப் பார்த்தாள். வேறு பார்க்கத் திரையில் ஒன்றும் இல்லை.

மாலை நேர இயற்பியல் வகுப்பில் போன மாதம்தான் நடத்தினார்கள். வண்டி வேகமெடுத்தால் தண்ணீர் பின்பக்கம் ஏறும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் ஏறும். அண்ணனிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தண்ணி எந்தப் பக்கம் சாயும்னு படிக்க ஃபீஸ் வேற கட்டுறியா? என் வண்டியில ஏறுடி, ஓசியிலயே காட்டுறேன்."

மலை இறக்கம் தொடங்கியது. தண்ணீர் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றது. வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறான். சரி.

ஒரு வளைவு தாண்டியதும் சாய்வு போய்விட்டது. ரோடு கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்க, பாட்டிலுக்குள் தண்ணீர் மட்டும், மேசைமேல் வைத்ததுபோல், டாஷ்போர்டுக்கு நேராக நின்றது.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

பிடிமானம் இல்லாமல் சரிவில் உருளும் வண்டிக்குள் தண்ணீருக்குச் சரிவே தெரியாது. அதுவும் வண்டியோடு சேர்ந்து அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதையும் நடத்தியிருந்தார்கள்.

காலை எடுத்துவிட்டுக் கண் அசந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். மேனேஜர் சொல்வதே சரியாக இருக்கலாம்.

அப்போது தண்ணீர் கண்ணாடிப் பக்கம் வெடுக்கென்று ஏறியது. ஒரு கணம் நின்றது. விட்டது.

மறுபடி ஏறியது. விட்டது.

ஏதாவது குழியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எந்தக் கணக்கிலும் அவசரப்பட்டுத் தப்பு விடுகிறவள் அவள். "சார், இன்னொரு தடவை போடுங்க."

குழி என்றால் முன்னும் பின்னுமாக ஆடி அடங்க வேண்டும். இது ஒரே பக்கம்தான். ஏறுகிறது, நிற்கிறது, விடுகிறது. கடைசி வளைவு வரைக்கும்.

பிரேக் கொஞ்சம் பிடிக்கிறது, கைவிடுகிறது. ஒரு கால் மிதித்தால்தானே அந்தக் கொஞ்சமும் பிடிக்கும்.

அண்ணன் தூங்கவில்லை.

சொன்னால் அவன் பேர் மீளும். சொன்னால், அம்மா இனி ஒவ்வொரு ராத்திரியும் அந்த இறக்கத்தில் அவனோடு விழித்திருப்பாள்.

"என்னம்மா, ஏதாவது தெரியுதா?" என்றார் மேனேஜர்.

முகத்தைத் துடைத்துவிட்டாற்போல் வைத்துக்கொண்டாள். "இல்ல சார். தூங்கித்தான் இருக்கான்."

அம்மாவின் கை வந்து அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

"எத்தனை தடவைடி மிதிச்சான்?"

அம்மா ஒரு தடவைகூடத் திரையைப் பார்த்திருக்கவில்லை. மேசைக்கு அடியில் தரையை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்த மகளின் வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் நின்ற பிறகும் அது மிதித்துக்கொண்டிருந்தது.