மேட்டில் கிடந்த மட்டி

பழைய கடல் எதுவரை ஏறி நின்றது என்று அறிய, ஒரு பெண் மண்மேட்டைத் தோண்ட வந்தாள்.

“என்னை எடு! கடல் இந்த உச்சிவரை வந்தது!” என்று கத்தியது மேலே கிடந்த மட்டி ஓடு.

அடியில் பாறையோடு ஒட்டியிருந்த சிப்பி பதறியது. “பொய்ச்சாட்சி சொல்லாதேண்ணே! கடல் என்னைத் தாண்டவே இல்லை. உன்னை நம்பி, கடல் மறுபடி ஏறும் என்று ஊரையே காலி பண்ணிவிடுவார்கள்.”

“நீ வாயை மூடு.”

அவள் கை நெருங்கியது. அப்போது பனையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. நேற்று மட்டியைக் கரையிலிருந்து தூக்கிவந்து தின்றுவிட்டு ஓட்டை இங்கே போட்டது அந்தக் காகம்தான்.

அவள் மட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அலகு கொத்திய தடம் தெரிந்ததும் வீசிவிட்டுச் சிப்பியிடம் குனிந்தாள்.

காகம் இறங்கி வந்தது. “அடுத்து அந்தக் குன்றில் தோண்டுவார்களாம். இதைவிட உயரம். தூக்கிக்கொண்டு போகவா?”

“சீக்கிரம்,” என்றது மட்டி.