ஏறி முடியும் சொல்

பாலைக் காய்ச்சினேன். ஒரு டம்ளர் காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பியானோவைத் திறந்தேன். என் மனைவி பெனிட்டா மேடைகளில் பாடிவந்த சீனப் பாடல் தொடரை, அவள் இறந்தபின் முதன்முறையாக நாளை அவளுடைய மாணவி ஜெமிமா பாடுகிறாள். பெனிட்டாவுக்கு வாசித்த நான்தான் இவளுக்கும் வாசிக்கிறேன். ஒத்திகைக்கு ஜெமிமா வீட்டுக்கு வந்தாள். கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. சீனத்தில் அந்தச் சொல் குரல் ஏறித்தான் முடியும். இறக்கினால் வேறு சொல்லாகிவிடும்.

“மூச்சு எட்டல அண்ணா. இந்தப் பாட்டையே விட்டுடலாம். மிஸ் மட்டும் எப்படித்தான் பாடுனாங்களோ!”

“அவளுக்கும் எட்டாது.”

“சும்மா சொல்லாதீங்க.”

“நிஜமா. நான் ஒரு கணம் கையை எடுத்துடுவேன். அந்த இடைவெளியில திருட்டுத்தனமா மூச்சு இழுத்துப்பா. கேக்கறவங்க உருக்கம்னு நெனச்சுப்பாங்க.”

ஜெமிமா சிரித்துவிட்டாள். மறுபடி வாசித்தேன். அந்த இடத்தில் கையைத் தூக்கிக் காத்திருந்தேன். அவள் மூச்சிழுத்தாள். சொல் மெல்ல ஏறி, உடையாமல், உயரத்திலேயே நின்றது.

ஆஸ்பத்திரியில் பெனிட்டா கடைசியாகச் சொன்னது இவளைப் பற்றித்தான்.

“நீங்க பாட்டுக்கு வாசிச்சுட்டே ஓடாதீங்க. அந்தப் புள்ள மூச்சு எடுத்துக்கட்டும்.”