எலி கடித்த ஸ்பீக்கர்

ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு பாட்டின் நடுவே பெனடிக்ட் வாசித்த கிடார் துண்டு, அதன் கரகரப்புக்காகவே பேர் வாங்கியது. இப்போது அந்தப் பாட்டுக்குப் பொன்விழா. மேடையில் வாசிக்க அவரையே ஒத்திகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசித்தார். இசைக்குழுத் தலைவன் கோகுல் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"விரல் எல்லாம் கரெக்ட் மாஸ்டர். அந்த ஆன்மாதான் வரலை."

"அது ஆன்மா இல்லப்பா, கிழிஞ்ச ஸ்பீக்கர். எலி கடிச்சிருந்துச்சு. மாத்த நேரமில்லாம அப்படியே பதிவு பண்ணிட்டாங்க. திட்டு வாங்கினது நான்."

யாரும் சிரிக்கவில்லை. கிடாரின் ஒலியை மாற்றித் தரும் பெடல் ஒன்றை, சோப்பு டப்பா அளவில், கோகுல் அவர் காலடியில் வைத்தான். மலிவுச் சரக்கு, மேலே அந்தப் பாட்டு வந்த வருடத்தையே பெயராக அச்சடித்திருந்தார்கள்.

"இதை மிதிச்சுட்டு வாசிங்க. இதுக்கும் வரலேன்னா, மன்னிச்சுக்கங்க, வேற ஆளைத்தான் பாக்கணும்."

பெனடிக்ட் அலுப்போடு மிதித்தார். எலி கடித்த ஸ்பீக்கரின் அதே கரகரப்பு அச்சு அசலாக வந்தது. அறையே கைதட்டியது.

"இப்பதான் மாஸ்டர், உங்களை மாதிரியே வாசிக்கிறீங்க!"

வாசித்து முடித்த பின்னும் அவர் கால் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது.

"ஒருதரம் மிதிச்சா போதும் மாஸ்டர், காலை எடுத்துடலாம்," என்றான் கோகுல்.

அவர் எடுக்கவில்லை.