ஒத்துக்கொள்ளாத ஊசி

முன்கையில் குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தாள். தடிப்பு இல்லை. அரிப்பும் இல்லை.

வந்துவிடாதா என்றிருந்தது.

மரத்துப்போக வைக்கும் மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் காலையிலிருந்து போட்டுப் பார்க்கிறார் டாக்டர். இப்போது நிமிர்ந்தார்.

"உங்களுக்கு அலர்ஜியே கிடையாதும்மா. தைரியமா ஊசி போட்டுப் பல்லை எடுத்துக்கலாம்."

கணவர் சுடலைமணி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். இவளுக்கு அந்த ஊசி ஆகாது என்று பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொன்னவர். ஒவ்வொரு பல்வலிக்கும் கிராம்பும் மாத்திரையுமாக அலைந்தவர்.

"அப்ப அன்னைக்கு இவ செத்துப் பொழைச்சாளே, அது என்ன சார்? ஒரு பல்டாக்டரம்மா போட்ட ஊசி. நான் மட்டும் உள்ள போகலேன்னா…"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு உடம்பெல்லாம் தடிச்சுதாம்மா? மூச்சு முட்டுச்சா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

தடிக்கவில்லை. முட்டவில்லை. வெறும் வயிறு. ஊசியைக் கண்ட பயம். கண் இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

விழித்தபோது சேலை நனைந்திருந்தது.

கல்யாணமான புதிது. கதவுக்கு வெளியே கணவரும் அவர் தம்பிகளும்.

பல்டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் மடியில் போர்த்தினார். மண்டியிட்டுத் தரையைத் தானே துடைத்தார்.

"யாருக்கும் தெரியாதும்மா. பயப்படாதீங்க."

பிறகுதான் கதவைத் திறந்தார்.

என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கணவர் பதறினார். போர்த்தியிருந்த கோட்டைப் பார்த்தார். அதை எங்கே தூக்கிவிடுவாரோ என்று அவளுக்கு உயிர் போயிற்று.

"ஊசி ஒத்துக்கல. மூச்சு முட்டிருச்சு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

பல்டாக்டரம்மா ஒருமுறை அவளைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் பேசவில்லை. கணவர் வாய்க்கு வந்தபடி ஏசியபோதும் பேசவில்லை. தம்பிகள் வாசல் பலகையைப் பிடுங்கித் தெருவில் வீசியபோதும் பேசவில்லை.

அதன்பிறகு அவரிடம் பல்லைக் காட்ட ஊரில் ஆளில்லை. கொஞ்ச நாளில் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். பெட்டியோடு நின்றிருந்தார். அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"மூச்சு முட்டலை சார்," என்றாள் இப்போது.

கணவர் சிரித்தார்.

"மயங்கிக் கெடந்தவளுக்கு என்ன தெரியும்? நான் பார்த்தேன்லா. அந்தப் பொம்பளை திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னா. பேருகூட என்னமோ…"

"எஸ்தர்."

அவர் திரும்பினார்.

"டாக்டர் எஸ்தர். அவங்க முழிக்கல."

டாக்டர் அவள் கையைப் பஞ்சால் துடைப்பதை நிறுத்தினார்.

அவள் பக்கத்து நாற்காலியைக் கணவர் பக்கமாக நகர்த்தினாள்.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள்.