மண்டையோட்டுக்குப் பேரம்

“என் தம்பியேதான். இதுல சந்தேகமே வேணாம்” என்று மரவாடிக்காரர் மேசையை ஓங்கித் தட்டினார்.

மேசை மேல் இருந்த மண்டையோடு குலுங்கி, ஆமாம் சாமி போடுவது போலத் தலையாட்டியது.

டாக்டரம்மா கையுறையை மாட்டினார். எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். சுவரோரம் தம்பியின் பெண்டாட்டி. அவளை உரசிக்கொண்டு ஒரு பெண் போலீஸ், பெண் ஓடிவிடுவாளோ என்று பயப்படுகிற கல்யாணத் தரகர் மாதிரி.

தம்பி காணாமல் போய் நாலு வருஷம். நேற்று அவன் வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அண்ணன் கைகாட்டிய இடத்தில் தோண்டியபோது இது கிடைத்தது. டாக்டரம்மா ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் இங்கிருந்து நேராக ஜெயிலுக்கு. வீடும் மரவாடியில் தம்பியின் பங்கும் அண்ணனுக்கு.

“புருஷனைத் தின்னுட்டு எப்படி நிக்கிறா பாருங்க!”

“தின்னிருந்தா ஏப்பம் விட்டிருப்பேன் அத்தான்” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

டாக்டரம்மாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அந்த ஆளைப் பிடிக்கவில்லை. எலும்புக்கு முன்னால் பிடித்ததும் பிடிக்காததும் செல்லாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மண்டையோட்டை இரண்டு கையாலும் ஏந்தினார்.

நெற்றி எலும்பு வழவழவென்று செங்குத்தாக நின்றது. புருவ மேடு இல்லை. கண்குழியின் மேல்விளிம்பு கூர்மை. காதுக்குப் பின்னால் இருக்கவேண்டிய முண்டு, பேருக்கு இருந்தது.

“இது பொம்பளை.”

“தம்பி கொஞ்சம் மென்மையான ஆளு டாக்டரம்மா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”

டாக்டரம்மா மண்டையோட்டைக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் பிடரி எலும்பு தனக்கு முன்னால் இருக்கும் எலும்போடு ஒட்டுகிற கோடு இன்னும் முழுசாக மூடவில்லை. கடைசிக் கடைவாய்ப்பல் வெளியே தலைகாட்டவில்லை.

“வயசு இருபதுக்குள்ள. உங்க தம்பிக்கு?”

“நாப்பத்தொண்ணு.” மரவாடிக்காரர் குரலைத் தணித்தார். “கொஞ்சம் கூட்டிப் போடுங்க. மண்ணுல கிடந்ததுல சுருங்கியிருக்கும்.”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்து அது இருமலாக முடிந்தது.

பேரம் படியவில்லை என்றால் சரக்கை மாற்றிப் போடுவதுதானே வியாபாரம். மரவாடிக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“சரி, தம்பி இல்லைன்னே வச்சுக்குவோம். எவளோ ஒருத்தியைக் கொன்னு பொதைச்சிருக்கா இல்ல? அவ கொல்லையிலதானே கிடைச்சுது? அதுக்கு என்ன சொல்றீங்க?”

இன்ஸ்பெக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. பெண் போலீஸ் தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்தாள்.

டாக்டரம்மா கீழ்த்தாடையை எடுத்தார். மண்டையின் இருபத்திரண்டு எலும்பில் வாயசைக்கிறது இது ஒன்றுதான். மிச்சம் இருபத்தொன்றும் பாகம் பிரிக்காத பங்காளிகள். விலகவும் முடியாமல் பேசவும் முடியாமல் பல்லோடு பல் கோத்துக்கொண்டு கிடப்பவை.

தாடையின் மேல்புறத்தில் மிளகளவு ஒரு வட்டம். நிறம் ஒரு துளி கூடுதல்.

ஊசியால் குத்தினார். அடைப்பு கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே சுத்தமான துளை. எதிர்ப்பக்கமும் ஒன்று. மேலே இரண்டு பொட்டெலும்பிலும் அதே போல.

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வைத்திருக்கும் மண்டையோட்டில், தாடை தொங்காமலிருக்க ஸ்பிரிங் மாட்டுகிற துளைகள் அவை. எங்கேயோ ஒன்றை வாங்கி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் புதைத்திருக்கிறார்கள். துளையில் கொஞ்சம் சேற்றை அப்பியிருந்தால் போதும். ஆனால் பலகையில் ஆணி ஓட்டையைப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டாத ஒரு கை, மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, உப்புத்தாளும் போட்டுத் தேய்த்திருக்கிறது.

டாக்டரம்மா அந்த அடைப்பை விரலில் நசுக்கி முகர்ந்தார்.

“எத்தனையோ எலும்பு பாத்திருக்கேன் இன்ஸ்பெக்டர். தேக்குத் தூள் வச்சு அடைச்ச எலும்பை இப்பத்தான் பாக்கிறேன்.”

“தேக்கா?” மரவாடிக்காரரின் உதடு இகழ்ச்சியாகக் கோணியது. “அது வேங்கைத் தூளு.”

அறையில் இருந்த எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பின.

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கடைசியாகத்தான் எட்டியது. அதற்குள் இன்ஸ்பெக்டரின் கை அவர் சட்டைக் காலரை எட்டியிருந்தது.

“நடங்க. மிச்ச மரத்தையெல்லாம் ஸ்டேஷன்ல பேசுவோம்.”

வாசல்வரை அவர் தம்பி பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டே போனார். அவள் பரம்பரையில் ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. பெண் போலீசும் பின்னாலேயே ஓடினாள்.

அறையில் இரண்டு பெண்களும் அந்த மண்டையோடும்தான் மிச்சம்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியில் மனசு இளகியிருந்தது.

“பாவம், கொல்லையைத் தோண்ட வந்தப்ப என்ன பாடுபட்டீங்களோ.”

அவள் முதல்முறையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். நெடுநேரம் அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

“மண்வெட்டியோட வந்து நின்னப்ப உயிரே போயிடுச்சு டாக்டரம்மா. அப்புறம் பாத்தா, தொட்டிப் பக்கம்தான் தோண்டுறாங்க.”

வெளியே ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.