பதினொருவருக்கும் ஒரே அளவு

“அம்மனை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும், தம்பி” என்றார் தலைவர் முருகேசு.

“அம்மனை அசைச்சால் நான் எழும்பிப் போயிடுவன் எண்டு அவரிட்டச் சொல்லும்” என்றார் செயலாளர் இளையதம்பி.

இருவரும் கருவறையில் நிற்கவில்லை. இறுப்பிட்டியில் பிரதாபன் புதிதாகத் திறந்திருந்த டிசைன் கடையில், ஒரே கணினியின் முன்னால் ஆளுக்கொரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர்த் திருவிழாவுக்காகக் குறிகட்டுவான் படகுத்துறையில் கட்டப்போகும் பனர் திரையில் இருந்தது. அம்மன் இடப்பக்கம் போனால் முருகேசுவின் படத்துக்கு அருகில் வருவாள், வலப்பக்கம் வந்தால் இளையதம்பிக்கு அருகில்.

போன வருடம் தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்று முறுகிக்கொண்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் கதைப்பார்கள். இன்றைக்கு அந்தப் பாக்கியம் பிரதாபனுக்கு.

பழைய பிரதாபன் என்றால் இருவரையும் வெளியே போய்ச் சண்டை பிடிக்கச் சொல்லியிருப்பான். அந்த வாயால்தான் கொழும்பு வேலை போனது. “உமக்குக் கைவேலை இருக்கு. ஆக்களோட கொண்டுபோற குணந்தான் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார் முதலாளி. அதன் பிறகு அவன் இணையத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்து குணங்களைச் சம்பாதித்தான். பொறுமை, பணிவு, பக்கம் சாராமை, காதுகொடுத்துக் கேட்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் வந்தது.

கடைக்கு இதுதான் முதல் பெரிய வேலை. கோயில் நிர்வாகசபையில் ஒருவர் முகம் கோணினாலும் அவருடைய சொந்தக்காரர் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தச் சின்னத் தீவில் சொந்தக்காரர் இல்லாத ஆளும் இல்லை. பிறகு கடையைப் பூட்டிவிட்டு மாமனாரின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான்.

பிரதாபன் அம்மனை ஒரேயடியாகத் தூக்கிவிட்டு, நடுவில் ஒரு குத்துவிளக்கை ஏற்றினான். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

“அப்ப ஆரின்ர படம் முதல்ல வரும்?” என்றார் முருகேசு.

“ஒருத்தரும் முதலில்லை, ஐயா. விளக்கைச் சுத்தி வட்டமா வைக்கிறன். சபையில இருக்கிற பதினொரு பேருக்கும் ஒரே அளவு.”

“வட்டத்துக்கும் உச்சி எண்டு ஒண்டு இருக்கல்லோ? அதில தான் ஏறி இருக்கப் பாக்கிறாரோ எண்டு கேளும்” என்றார் இளையதம்பி.

உச்சியில் கனடாவில் வசிக்கும் உபதலைவரை ஏற்றினான் பிரதாபன். அவ்வளவு தூரத்தில் இருப்பவரோடு கோபிக்க இருவருக்கும் வசதி இல்லை. மேலே பெரிதாக இருந்த ‘தேர்த் திருவிழா’ கனடாக்காரரின் தலையில் இடித்தது. அதைச் சின்னதாக்கிக் கீழே ஒரு மூலையில் இறக்கினான்.

அடுத்தது நிறம். முருகேசுவின் படம் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் எடுத்தது, பளபளத்தது. இளையதம்பியின் படம் மத்தியான வெயிலில் கிணற்றடியில் மருமகள் போனில் எடுத்தது.

“அவர் மாப்பிள்ளை மாதிரி, நான் கருவாடு மாதிரியோ?”

“என்ர நிறம் அப்பிடி. அதுக்கு நானென்ன செய்யிறது எண்டு சொல்லும்.”

பிரதாபனுக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. சான்றிதழை நினைத்து விழுங்கிக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டினான். பதினொருவரும் கறுப்பு வெள்ளையானார்கள்.

“ஆ, இப்பதான் முகத்தில ஒரு களை இருக்கு” என்றார் முருகேசு.

“ஓம், இதுதான் மரியாதை” என்றார் இளையதம்பி. ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான்.

தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்த மனைவி கஜனி, அவர்கள் போன பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இது உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?”

“எனக்குப் பிடிக்கிறது முக்கியமில்லை. ஒருத்தரும் கோவிக்கேல்லை, பாத்தீரே?”

“இல்லை, இதைப் பாக்க எனக்கு ஏதோ...”

“நீரும் தொடங்காதையும்.”

காதுகொடுத்துக் கேட்பதெல்லாம் வாடிக்கையாளருக்கு மட்டுந்தான் என்று அந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களோ என்னவோ.

அந்த வாரமே குறிகட்டுவான் துறையில் பனர் ஏறியது. அதைப் பார்க்கத் தலைவரும் செயலாளரும் ஒரே ஓட்டோவில் வந்தார்கள். பார்த்துப் பூரித்து, தோளில் கை போடாத குறையாகத் தேத்தண்ணிக் கடைக்குள் போனார்கள். பிரதாபனுக்கு அந்தக் கொழும்பு முதலாளியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

நெடுந்தீவுப் படகு வந்து சேர்ந்தது. சளசளத்துக்கொண்டு இறங்கிய சனம் பனரைக் கண்டதும் அப்படியே நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பஸ்ஸில் அலறிக்கொண்டிருந்த பாட்டைக் கொண்டக்டர் நிறுத்தினார். என்ன பக்தி என்று பிரதாபனும் விளக்கைப் பார்த்துக் கைகூப்பினான்.

நெடுந்தீவிலிருந்து வந்த ஓர் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் வந்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தார்.

“ஐயோ மோனை, இவ்வளவு பேரும் ஒரே நாளிலயோ செத்தவை?”