பேப்பர் தட்டு

எல்லாருக்கும் பீங்கான் தட்டு. தேவகுமாரிக்கு மட்டும் பேப்பர் தட்டு.

சுகன்யா அதைக் கவனித்துவிட்டாள். அவளுக்குச் சுருக்கென்றது.

பெருமாள்மலையில் தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட வரும் ஐந்து அம்மாக்கள் அவர்கள். நின்று பேசிப் பேசியே சிநேகமாகி, மாதம் ஒருத்தி வீட்டில் கேக் வெட்டிச் சாப்பிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இந்த மாதம் பள்ளங்கியில் மகாதேவி வீடு.

தேவகுமாரியின் முறை மட்டும் இதுவரை வந்ததே இல்லை. அவள் இருப்பது சிலோன் காலனி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் வரிசை வீடுகள். பாவம், சின்ன வீடு, அவளுக்கு எதற்குச் சிரமம் என்று ஒவ்வொரு தடவையும் பெருந்தன்மையோடு அதைத் தள்ளி வைத்தவள் சுகன்யாதான்.

சாதி பார்க்கிறவர்களைக் கண்டாலே சுகன்யாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடைக்கானலில் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள், நாலு தேசத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவள். தலைமுறை தலைமுறையாகப் பூண்டு போடுகிற வீட்டு மகாதேவிக்கு அந்தப் பரந்த புத்தி எங்கே வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேக் என்னவோ பிரமாதம். கேரட் துருவிப் போட்டு, லேசாக ஏலக்காய் வாசனையோடு பஞ்சாக இருந்தது. சுகன்யா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எந்தக் கடை என்று விசாரித்தாள். வரும் இருபதாம் தேதி மகன் அகிலனுக்குப் பிறந்த நாள், நாற்பது பேர் வருகிறார்கள், இதே கேக்தான் வேண்டும், ஐந்து கிலோ என்றாள்.

தேவகுமாரி நிமிர்ந்து மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவி டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சுகன்யா தட்டும் ஸ்பூனுமாக அவள் பின்னாலேயே போனாள்.

"மகா, நீ செய்யறது கொஞ்சமும் நல்லா இல்ல. அவளுக்கு மட்டும் பேப்பர் தட்டா? இந்தக் காலத்துல இப்படியா நடந்துக்கிறது?"

"நான் எங்கக்கா வச்சேன்? நான் கொடுத்த தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, அவளே பையில இருந்து எடுத்துக்கிட்டா."

"எதுக்கு?"

மகாதேவி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கேக் கடையில் வாங்கியது இல்லையாம். தேவகுமாரி செய்ததாம். கேரட் மட்டும்தான் மகாதேவி தோட்டத்தில் பிடுங்கியது. முன்பு ஒரு பங்களாவில் சமையலுக்கு இருந்தபோது கற்றுக்கொண்ட கை அது. கூலி வேலைக்குப் போய்ப் போய் முதுகு விட்டுப் போயிற்று, இனி வீட்டிலேயே கேக் செய்து விற்று எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று ஓவன்கூட வாங்கி வைத்துவிட்டாள். முதல் ஆர்டருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"முதல்ல பேரைச் சொல்லாமக் குடுங்க, பிடிச்சிருந்தா அப்புறமா சொல்லிக்கலாம்னா. சொன்னதும் யாராச்சும் மிச்சம் வைப்பாங்க, அதை மடிச்சு எடுத்துட்டுப் போகப் பேப்பர் தட்டுதான் வசதி, வீட்டுல கோழிக்காவது ஆகும்னா. நான் அவளை நல்லா வைஞ்சு விட்டேன். யாரு வச்சாலும் சுகன்யாக்கா வைக்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

"சே, என்ன பேச்சு இது" என்றாள் சுகன்யா. கேக்கில் இறங்கியிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது.

"ஆர்டரை நீங்களே அவகிட்ட உங்க வாயால சொல்லிருங்கக்கா. சந்தோஷப்படுவா."

சுகன்யா கூடத்துக்கு வந்து தட்டை மேசையில் வைத்தாள். தேவகுமாரி எழுந்து நின்றாள். உள்ளே விஷயம் சொல்லியாயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"பிடிச்சிருந்துச்சாங்கக்கா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு குமாரி. உன் கையில இவ்வளவு திறமை இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல." சுகன்யா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "அகிலனுக்குத்தான் ரெண்டு நாளா சளி. டாக்டர் ஸ்வீட்டே கூடாதுங்கிறார். இந்த வருஷம் கேக் இல்லாமலே முடிச்சிரலாம்னு இருக்கோம். நீ ஒண்ணும் நினைச்சுக்காதே."

நினைக்க என்ன இருக்குங்கக்கா, பிள்ளை உடம்புதானே முக்கியம் என்றாள் தேவகுமாரி. மகாதேவி டீயோடு நிலைப்படியில் நின்றாள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பனி இறங்குமுன் பஸ் பிடிக்க வேண்டும் என்று சுகன்யா கிளம்பினாள். அடுத்த மாதம் தன் வீட்டில் பார்ட்டி, தேவகுமாரி வராமல் இருக்கவே கூடாது என்று வாசலில் இருந்தே இரண்டு தடவை சொன்னாள்.

மேசையில் அவள் விட்டுப்போன பீங்கான் தட்டில் மூன்றாவது துண்டு இருந்தது. ஓரத்தில் மட்டும் ஸ்பூன் பட்டிருந்தது.

தேவகுமாரி அதை எடுத்துத் தன் பேப்பர் தட்டில் வைத்து, நாலு பக்கமும் மடித்துக்கொண்டாள்.